கசினோ ஹோட்டலில் வெள்ளிக்கிழமை ரோல்ஸ்

ரெக்ஸ்டேலில், விமான நிலையத்துக்குப் போகும் பெருந்தெருவின் ஓரமாக இப்போது நீளமான ஒரு சாமான் கிடங்கு நிற்கிறது. லொறிகள் பின்பக்கமாக வந்து அதில் ஒட்டிக்கொண்டு நிற்கும். முன்னர் அந்த இடத்தில் ஒரு கசினோ ஹோட்டல் இருந்தது. கலியாண வீடுகளில் அதைப் பற்றிக் கதை வந்தால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஒருவர் கள்ளர் குகை என்பார். இன்னொருவர் ஐந்து நட்சத்திர ஹோட்டல் என்பார். இரண்டும் பொய். அந்த ஹோட்டலின் சரித்திரம் முழுதாகத் தெரிந்த தமிழன் ரொறன்ரோவில் நான் ஒருவன்தான். முன்கதவால் வந்தவர்கள் ஏராளம். ஆனால் பின்கதவால், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தால் போய் வந்தவனுக்குத்தான் ஒரு கட்டடம் உள்ளபடி தெரியும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்கு எனக்குச் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. யூனியன்வில்லில் வீடு இருக்கிறது. விட்பியில் மகனுக்கு வாங்கிக் கொடுத்த வீடும் இருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய், பெருமைக்குத்தான் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அத்திவாரம் அந்த ஹோட்டலில் நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டின் பக்கத்தில், ஒரு கட்டில் அளவுகூட வராத எங்கள் கவுண்டர். அது கையை விட்டுப் போகப் பார்த்த கதையைத்தான் எழுத வந்தேன். போகப் பார்த்ததற்குக் காரணம் வெள்ளிக்கிழமை. எழுத்துப் பிழை பார்ப்பது என் மகள். கதையில் கைவைக்க அவளை விடவில்லை.

ஹோட்டலைச் சூதாட்டத்துக்காகக் கட்டவில்லை. விடியவே விமானம் ஏற வேண்டியவர்களும் விமானத்தைத் தவறவிட்டவர்களும் படுத்தெழும்பிப் போவதற்காகக் கட்டினார்கள். நாலு மாடி, முன்னுக்குப் பெரிய பெயர்ப்பலகை, உள்ளே ஒரு நீச்சல் குளம். கொஞ்சக் காலம் நன்றாக ஓடியது. பிறகு விமான நிலையத்துக்கு இன்னும் கிட்டவாக உயரமான ஹோட்டல்கள் எழும்பின. ஆட்கள் அங்கே போனார்கள். இதன் விலை விழுந்தபோது ஒரு கிரேக்கர் வாங்கினார். கப்பலில் வந்திறங்கிய அவரும் என்னைப் போலக் கோப்பை கழுவித் தொடங்கியவர்தான். அதனால்தான் எனக்கும் அவருக்கும் பாஷை தடுமாறினாலும் கதை தடுமாறவில்லை.

அவர் செய்த முதல் வேலை, குளத்துத் தண்ணீரை வற்றவிட்டு உடைந்த கதிரைகளை அதற்குள் அடுக்கியது. அடுத்த வேலை, நிலவறை மண்டபத்தில் பச்சைத் துணி விரித்த மேசைகளைப் போட்டது. அந்தக் காலத்தில் தருமத்துக்குக் காசு சேர்ப்பதென்றால் சீட்டு மேசை நடத்த அனுமதி கொடுப்பார்கள். ஒரு கிழமை சின்னப் பிள்ளைகளின் ஹொக்கிக் குழுவுக்காக, மறு கிழமை ஏதோ நோயாளர் சங்கத்துக்காக. ஆகவே எங்கள் ஹோட்டலில் தோற்றவன் எல்லாம் தருமவான். இதைச் சொல்லித்தான் பல பேர் வீட்டில் மனைவிமாரைச் சமாளித்தார்கள்.

மலிவு என்றால் அப்படி ஒரு மலிவு. குளித்துத் துடைக்கும் துவாயைப் பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் நிற்பவரின் முகம் தெரியும். கம்பளத்தில் சிவப்பும் ஊதாவும் கலந்து சுழன்று கிடக்கும். கோப்பி கொட்டினாலும் சிகரெட் சுட்டாலும் அடையாளம் தெரியாது. லிப்ட் மூன்றாம் மாடியில் நிற்காது. மூன்றாம் மாடிக்காரர் நாலில் இறங்கிப் படியால் வர வேண்டும். அதைத் திருத்தச் செலவழிப்பதை விட்டுவிட்டு, கிரேக்கர் அந்த அறைகளுக்கு வாடகையைக் குறைத்தார். அவை முதலில் நிரம்பின. வியாபாரம் படிக்க வேண்டுமென்றால் இப்படியான மனிதரிடம்தான் படிக்க வேண்டும். நான் படித்தேன்.

நான் அங்கே போனது கோப்பை கழுவ. கைகள் ஊறி, விரல்கள் உலர்ந்த கொடிமுந்திரிகைப் பழம் மாதிரிக் கிடக்கும். ஒருநாள் சமையற்காரர் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு நிலவறைக்கு இறங்கினார். குசினிக்குத் திரும்பி வரவேயில்லை. வென்று போனாரா தோற்று ஓடினாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. முதலாளி சாப்பாட்டறையைப் பூட்டிவிட்டார். எனக்கு வேலை போனது போலத்தான். ஆனால் நான் வீட்டுக்குப் போகவில்லை. முதலாளியின் அறைக்குப் போனேன்.

"கீழே இருக்கிற சனத்துக்கு மேசையில இருந்து சாப்பிட நேரமில்லை. ஒரு கையில சீட்டு. மற்றக் கையால பிடிச்சுத் தின்னுற சாப்பாடுதான் வேணும்," என்றேன். என்னுடைய ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் பாஷையில் எழுதினால் இப்படித்தான் வரும்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆர் சமைக்கிறது?"

"என்ர மனுசி."

படிக்கட்டுக்குப் பக்கத்தில் முன்னர் உடுப்புகள் கொழுவி வைக்கிற இடத்தை எனக்குக் கவுண்டராகத் தந்தார். பூட்டிக் கிடந்த குசினியின் சாவியையும் தந்தார். ஒவ்வொரு வருடமும் இளவேனிலில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

என் மனைவியின் ரோல்ஸைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. சாப்பிட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். மெல்லிசாக ஊற்றிய மாத் தட்டைக்குள் ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, பாண் தூளில் புரட்டிப் பொரிப்பாள். கையில் ஒட்டாது, சீட்டில் எண்ணெய் படாது. ஒரு தாள் துண்டில் சுற்றிக் கொடுத்தால் போதும்.

அதோடு ராசியும் சேர்ந்துகொண்டது. ஓய்வுபெற்ற சீனத் தையற்காரர் ஒருவர் ரோல்ஸில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மேசைக்குப் போனார். அன்று அவர் தொட்டதெல்லாம் வென்றது. திரும்பி வந்து மிச்சப் பாதியைச் சாப்பிட்டார். அடுத்த நாள் மண்டபம் முழுவதும் பாதி ரோல்ஸோடு உட்கார்ந்திருந்தது. கறுப்பு உடுப்பு உடுத்த இத்தாலிய விதவை ஒருவர் ஒன்றை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே விளையாடுவார். பை எண்ணெய் ஊறி மினுங்கும். பஸ் ஓட்டுகிற ஜமெய்க்காக்காரர் நுனி கருகியதைத் தேடி எடுப்பார். நான் நுனி கருகியவற்றைப் புறம்பான தட்டில் வைக்கத் தொடங்கினேன். அது என்னுடைய யோசனை.

எல்லாம் சரி. ஆனால் வெள்ளிக்கிழமை வரும்.

நான் ஊரை விட்டு வெளிக்கிட்டு நாடு நாடாக வழியில் நின்றபோது, என் மனைவி அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். நான் உயிரோடு போய்ச் சேர்ந்தால், ஆயுள் முழுக்க வெள்ளிக்கிழமையில் தன் கை மச்சம் தொடாது என்று. இறைச்சி, மீன், முட்டை எல்லாம் எங்களுக்கு மச்சம்தான். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் கவுண்டரில் மரக்கறி ரோல்ஸ் மட்டும்தான். லீக்ஸ், கிழங்கு, கரட், பச்சை மிளகாய். மாத் தட்டையிலும் முட்டை சேர்க்க மாட்டாள், முட்டை இல்லாத மாவில் பால் ஒட்டும் என்று பாலும் சேர்க்க மாட்டாள். கோதுமை மாவைக் கரைத்து அதில் தோய்த்துப் பொரிப்பாள். சட்டியும் வேறு, எண்ணெயும் வேறு.

கசினோவுக்கு வெள்ளிதான் பெருநாள். சம்பளம் கையில் வந்த சனம் வேலைச் சப்பாத்தோடு நேரே வரும். வந்து பார்த்தால் ராசியான இறைச்சி ரோல்ஸ் இல்லை. தோற்றவர்கள் எல்லாம் மரக்கறியின் மேல் பழியைப் போட்டார்கள். தையற்காரர் வெள்ளிக்கிழமை வருவதையே நிறுத்திவிட்டு வேறு ஹோட்டலுக்குப் போனார். இன்னும் சிலர் அவருக்குப் பின்னால் போனார்கள். முதலாளி இதைக் கண்டும் காணாமல் விட்டார். ஆனால் அவருடைய மருமகன் மானேஜராக வந்தார். படித்த ஆள், எப்போதும் இறுக்கமான கோட். நல்லவர், ஆனால் அவசரக்காரர்.

"வெள்ளிக்கிழமை இறைச்சி ரோல்ஸ் வேணும். இல்லையெண்டால் இளவேனிலோட உந்தக் கவுண்டரை ஹொட்டோக் விக்கிற ஒருத்தருக்குக் குடுக்கப் போறன்," என்றார். ஹொட்டோக் என்றால் பாணுக்குள் சொசேஜைச் செருகிக் கொடுக்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பக்குவமாகக் கதையை எடுத்தேன்.

"இஞ்சை பாரும், வியாழக்கிழமையே சுருட்டிக் குளிர்ப்பெட்டியில வைச்சால் என்ன? வெள்ளிக்கிழமை நான் பொரிக்கிறன். உம்மட கை படாது."

"நேர்த்தி ஆருக்காக வைச்சது?"

"எனக்காகத்தான்."

"அப்ப நீங்களே இறைச்சிச் சட்டியோட நிண்டு முறிக்கப் போறியளோ? வெள்ளிக்கிழமையும் அதுவுமா அந்தக் கையோட வந்து என்ர சாமியறைக்குள்ள நிப்பியள். நல்லாயிருக்கும்."

"கவுண்டர் போனால் திரும்பவும் கோப்பை கழுவத்தான் போகவேணும்."

"கழுவுங்கோ. அம்மன் உங்களைக் கொண்டுவந்து சேர்த்தது சும்மா படுத்திருக்கிறதுக்கோ?"

அவளோடு வாதாடி வென்ற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் நான் மூளைசாலி. அடுத்த நாளே வழி கண்டுபிடித்தேன். ஹோட்டலின் உடுப்புத் தோய்க்கும் அறையில் மன்னார்ப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். வேதக்காரப் பெண், கத்தோலிக்கம். எங்கள் அபார்ட்மென்ற் கட்டடத்தில்தான் இருந்தாள். மனைவிக்கும் அவளுக்கும் நல்ல ஒட்டு. வேதக்காரருக்கு வெள்ளி என்ன, செவ்வாய் என்ன என்று நினைத்துக்கொண்டு அவளைக் கேட்டேன்.

"செய்யலாம் அண்ணை. மாட்டிறைச்சியில செய்தால் இன்னும் திறமாயிருக்கும். என்ர ரோல்ஸுக்குச் சேர்ச்சில சண்டை நடக்கும்."

பக்கத்தில் நின்ற என் மனைவி காதைப் பொத்தினாள். "அடியேய், என்ர குசினிக்குள்ள மாட்டைக் கொண்டுவந்தால் உன்னையும் சேர்த்துப் பொரிப்பன்."

"அக்கா, எனக்குக் கொழுப்புக் கூட. நல்லாப் பொரியும்."

ஆட்டிறைச்சி மட்டும் என்று உடன்பாடு வந்தது. சட்டி அவளுடையது, அகப்பை அவளுடையது. வெள்ளிக்கிழமைகளில் கவுண்டரும் அவளுடையது. என் மனைவி ஹோட்டல் பக்கமே போகாமல் வீட்டில் விளக்கேற்றிவிட்டு இருப்பாள். நான் சாமான் வாங்கவும் கணக்குப் பார்க்கவும் போவேன். மன்னார்க்காரி மிளகை அள்ளிப் போடுவாள். ஜமெய்க்காக்காரருக்குக் கண்ணீர் வரும். துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்பார். தையற்காரர் திரும்பி வந்தார். மானேஜர் என் முதுகில் தட்டி, "பார், ஏலும்தானே," என்றார். நான் அந்தக் குளிர்காலம் முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

குளிர்காலம் முடியும் நேரம், ஒரு புதன்கிழமை, மன்னார்க்காரி நெற்றியில் சாம்பலோடு வேலைக்கு வந்தாள்.

"என்ன பிள்ளை, எங்கட பக்கம் மாறிட்டீரோ?" என்று பகிடி விட்டேன்.

"இண்டைக்கு விபூதிப் புதன் அண்ணை. தவக்காலம் தொடங்கிட்டுது. இனி உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் வெள்ளிக்கிழமைகளில நான் இறைச்சி தொடமாட்டன்."

"நீங்களுமோ?"

"ஏன், வெள்ளிக்கிழமை உங்களுக்கு மட்டும் எழுதித் தந்தவையோ?"

வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மேல்வீட்டுக்காரர் தரையில் தட்டினார்.

"மீன் செய்யலாம் அண்ணை," என்று மன்னார்க்காரி அடுத்த நாள் சொன்னாள். "மீன் எங்களுக்குப் பாவமில்லை." என் மனைவியோடு கொஞ்ச நேரம் அதற்கும் தர்க்கம் நடந்தது. மீன் மச்சமில்லையென்றால் வேறு என்னவாம் என்று அவள் கேட்க, இவள் யேசு பகிர்ந்து கொடுத்ததே மீன்தான் அக்கா என்று முடித்துவைத்தாள். அந்தத் தவக்காலம் வெள்ளிக்கிழமைகளில் மீன் ரோல்ஸ் போனது. இத்தாலிய விதவைக்குச் சந்தோசம். அவருக்கும் இறைச்சி கூடாத நாள். ஆனால் தையற்காரர் முகர்ந்து பார்த்துவிட்டுத் தாளோடு திருப்பி வைத்தார். மீனில் ராசி இல்லையாம். திரும்பவும் மற்ற ஹோட்டலுக்குப் போனார், போகிற வழியில் மானேஜரிடம் சொல்லிவிட்டும் போனார்.

மானேஜர் வந்து ஒரே வசனம் சொன்னார். "வாற வெள்ளிக்கிழமை ஹொட்டோக்காரர் வந்து இடம் அளக்கிறார்."

அந்த வெள்ளிக்கிழமை பார்த்து மன்னார்க்காரி, "அண்ணை, பின்னேரம் கோயில்ல சிலுவைப்பாதை. செபம் நான்தான் வாசிக்கிறன். வரேலாது," என்று சொல்லிவிட்டாள். கவுண்டர் பறிபோகும் நாளிலே பொரிக்க ஆளில்லை. நான் வீட்டில் கதிரையில் சாய்ந்துவிட்டேன்.

என் மனைவி சீலைக்கு மேலே குளிர்க்கோட்டைப் போட்டாள். "எழும்புங்கோ."

"எங்கை?"

"கவுண்டருக்கு. போறதெண்டால் வெறுங் கவுண்டராப் போகக்கூடாது. நான் மரக்கறி பொரிக்கிறன்."

அதுவரை அவள் குசினிக்குள்தான் நிற்பாள். சனத்துக்கு முன்னால் வந்து நின்றதில்லை. அன்று பின்னேரம் நெற்றியில் விபூதி, குங்குமத்தோடு கவுண்டருக்குப் பின்னால் நின்றாள். மானேஜரும் ஹொட்டோக்காரரும் அளவு நாடாவோடு வந்தார்கள். ஹொட்டோக்காரர் தட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு அளக்கத் தொடங்கினார். என் மனைவி தட்டை இழுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். அவர் மறுபடி தள்ளினார். இவள் மறுபடி இழுத்தாள்.

அந்த நேரம் முதலாளி படியால் இறங்கி வந்தார். கிழவர் அந்தக் கிழமை முழுதும் சிடுசிடுத்துக்கொண்டு திரிந்தார். நிலவறை வருமானம் குறைந்ததால் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் கவுண்டருக்கு முன்னால் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"உதுக்குள்ள என்ன?" என்று என் மனைவியைக் கேட்டார்.

அவளுக்கு ஆங்கிலம் மரக்கறிக் கடையில் படித்த அளவு தெரியும். லீக்ஸ், பொட்டேட்டோ, கரட் என்று விரல் மடித்தாள்.

"முட்டை?"

"நோ எக்."

"பால்? பட்டர்?"

"நோ. ஃப்ரைடே."

கிழவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். ஒன்றை எடுத்தார். கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். இன்னொன்றை எடுத்தார். எனக்குப் பிறகுதான் விளங்கியது. கிரேக்கச் சபைக்காரருக்கும் தவக்காலம் இருக்கிறது. அந்த வருடம் மன்னார்க்காரியுடையதைவிடப் பிந்தித் தொடங்கியிருந்தது. அவர்களுக்கு இறைச்சியும் கூடாது, முட்டையும் கூடாது, பாலும் கூடாது, செதில் மீனும் கூடாது. மனிதர் தன் சொந்த ஹோட்டலில் பாணையும் ஒலிவ் காயையும் தின்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். மருமகன் அதெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை.

"ஏன் வெள்ளிக்கிழமை முட்டை போடுறேல்லை?" என்று கேட்டார். இந்த முறை என்னைப் பார்த்து.

நான் நேர்த்திக் கதையைச் சொன்னேன். காடு, எல்லை, லொறி, எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். கிழவர் மூன்றாவதை எடுத்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

"நான் கப்பல் ஏறினபோது என்ர தாயும் இப்பிடித்தான்," என்றார். "உம்மட மனுசி எத்தினை வருசமாகச் செய்யிறா?"

"இன்னும் செய்யிறா. நான் இன்னும் உயிரோடதானே இருக்கிறன்."

அவர் சிரித்தார். பிறகு மருமகனைப் பார்த்துக் கிரேக்கத்தில் என்னவோ சொன்னார். நீளமாகச் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் மாமனார் மருமகனை ஏசுவது எந்தப் பாஷையிலும் ஒரு மாதிரித்தான் இருக்கும். ஹொட்டோக்காரர் அளவு நாடாவைச் சுருட்டினார். போகும்போது தானாகவே ஒரு ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போனார். என் மனைவி அவரிடம் காசு வாங்கினாள், முதலாளியிடம் வாங்கவில்லை.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை அந்தக் கவுண்டரில் மச்சம் கிடையாது என்பது ஹோட்டலின் சட்டம். மன்னார்க்காரி சனிக்கிழமைகளுக்கு மாறினாள். தையற்காரர் கொஞ்ச நாள் முறுகிக்கொண்டு திரிந்துவிட்டு வெள்ளிக்கிழமை மற்ற ஹோட்டலிலும் தோற்கத் தொடங்கியதும் திரும்பி வந்தார். மரக்கறியில் பெரிய வெற்றி இல்லை, ஆனால் பெரிய தோல்வியும் இல்லை என்று ஊருக்குச் சொன்னார்.

காலம் மாறியது. குதிரைப் பந்தயத் திடலில் காசு போட்டு ஆடும் மெசின்கள் வந்தன. பித்தானை அழுத்துகிற சுகம் கண்ட சனம் சீட்டைத் தொடவில்லை. தரும மேசைகளுக்குக் கொடுத்த அனுமதிகளும் நின்றுபோயின. நிலவறை மண்டபத்தில் கொஞ்சக் காலம் கம்பளம் விற்றார்கள், பிறகு கலியாணம் நடத்தினார்கள். மேலே விமானப் பணியாட்கள் தங்கினார்கள், அடுத்து அகதிக் குடும்பங்கள் தங்கின. அவர்களுடைய பிள்ளைகள் எங்கள் ரோல்ஸைத் தின்று வளர்ந்தன. முதலாளி கண்ணை மூடினார். கடைசியில் மருமகன் நிலத்தைக் கிடங்குக்காரருக்கு விற்றார்.

பூட்டுகிற நாளும் வெள்ளிக்கிழமையாக வந்தது. நாங்கள் சட்டிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். ஸ்காபரோவில் எங்கள் முதற்கடை திறந்து அப்போது கொஞ்ச நாள்தான். மருமகன் வந்து கவுண்டரில் கையை ஊன்றினார். தலையில் நரை, கோட் மட்டும் அதே இறுக்கம்.

"கடைசி நாள். ஒரேயொரு இறைச்சி ரோல்ஸ் பொரிச்சுத் தாங்கோ. இனி ஆர் பார்க்கப் போகினம்?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. "வெள்ளிக்கிழமை எண்டு சொல்லுங்கோ."

"வெள்ளிக்கிழமை," என்றேன்.

"கட்டடத்தையே இடிக்கப் போறம்."

"இடிக்கிறது திங்கட்கிழமை தானே?" என்று அவளே ஆங்கிலத்தில் கேட்டாள்.

மரக்கறி ரோல்ஸ் ஒன்றைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். அவர் நின்றபடியே சாப்பிட்டார். இறைச்சிதான் ருசி என்று வாய்க்குள் வைத்துக்கொண்டே முறைப்பட்டார்.

"எனக்கும் அதுதான் விருப்பம்," என்றேன். "நாளைக்குச் சனிக்கிழமை. கடைக்கு வாரும்."

வந்தார். அவ்வளவு தூரம் கார் ஓடி வந்த மனிதரை முன்னுக்குக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் சனிக்கிழமைகளில் எங்கள் கடை வரிசை வெளியே கார் நிற்கும் இடம் வரைக்கும் போகும். அதை அவர் முழுதாகப் பார்க்கட்டும் என்று வரிசையிலேயே நிற்கவிட்டேன்.